சக்‌ஷன் பாட்டிலில் புது ரத்தம்: இரவுப் பணிச் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்த நோயாளிக்கு, டியூப் வைத்து 48 மணி நேரம் கழிந்த பிறகு, சக்‌ஷன் போடும்போதோ துளையைச் சுற்றியோ 10 மி.லி.க்கு மேல் புது ரத்தம் வந்தால் டாக்டரை எழுப்புங்கள். அது தானாக நின்றுவிட்டாலும் எழுப்புங்கள். இரவு இரண்டு மணி என்றாலும் எழுப்புங்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். வார்டில் வேலை நெருக்கும் என்றால் இதோடு மடித்து வைத்துவிட்டுப் போங்கள். மற்றதை டீ குடிக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

நான் பல வருடங்கள் ஐசியூவில் வேலை பார்த்தவள். இப்போது செவிலியர் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். டிரக்கியாஸ்டமி பராமரிப்பு என்றால் டிரெஸ்ஸிங் மாற்றுவது, சக்‌ஷன் போடுவது, இன்னர் டியூபைக் கழுவுவது, நாடா கட்டுவது எல்லாவற்றையும் அவர்கள் ஒழுங்காகச் சொல்கிறார்கள். ‘ரத்தம் வந்தால்?’ என்று கேட்டால், ‘துடைச்சிட்டு, சார்ட்ல எழுதிடுவோம் மேடம்’ என்கிறார்கள். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

நம் ஊரில் டிரக்கி யாருக்கெல்லாம் போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட இளைஞர்கள், பூச்சி மருந்து குடித்து வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடப்பவர்கள், பக்கவாதம் வந்த பெரியவர்கள், ஜி.பி.எஸ். நோயில் மூச்சுத் தசை செயலிழந்தவர்கள். இவர்களில் பலர் பிழைத்து வீட்டுக்கு நடந்து போகக்கூடியவர்கள். பெரிய ஆபத்தைக் கடந்து, வென்டிலேட்டரில் இருந்து மெல்ல இறங்கி, ‘இனிமேல் பயமில்லை’ என்று உறவினர்கள் மூச்சுவிடும் கட்டத்தில்தான் நான் சொல்லப்போகும் விபரீதம் வருகிறது. அதனால்தான் அது இத்தனை கொடுமையாக இருக்கிறது.

கழுத்துத் துளை வழியாக வரும் ரத்தம் எல்லாமே ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு நாட்களில் வருவது பெரும்பாலும் அறுத்த இடத்தின் ரத்தம்தான்: தோலடியில் ஓடும் சிறு சிரைகள், தைராய்டு சுரப்பியின் விளிம்பு, தைத்த இடம். அதையும் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது காயத்தோடு முடியும் கதை. பிறகு வரும் நாட்களில் சக்‌ஷன் கத்தீட்டர் குத்தியதால் சளியில் சிவப்புக் கோடு தெரியலாம். ஓரத்தில் வளரும் சதை லேசாகத் தொட்டாலே கசியலாம். கிருமித் தொற்று இருக்கலாம். ஹெப்பாரின் போகிற நோயாளியாக இருக்கலாம். இத்தனை காரணங்கள் இருப்பதே நமக்கு எதிரி. எது வந்தாலும் ‘சக்‌ஷன் ட்ராமா’ என்று ஒரு பெயர் கையில் தயாராக இருக்கிறது. அதை எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுகிறோம்.

இந்தப் பட்டியலில் நான் சேர்க்காத ஒன்று மட்டும் வேறு ரகம்: தமனியில் இருந்து வரும் ரத்தம். இதயத்தில் இருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவில் முதலில் பிரியும் கிளை இன்னாமினேட் தமனி. பிரேகியோசெபாலிக் என்றும் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நான்கைந்து செ.மீ. நீளம்தான், ஆனால் ஒரு செ.மீ.க்கு மேல் அகலம். வலது கைக்கும் மூளையின் வலப் பக்கத்துக்கும் போக வேண்டிய ரத்தம் பெரும்பாலும் அதன் வழியேதான் போகிறது. மார்பெலும்பின் மேல்முனைக்குப் பின்னால், மூச்சுக்குழாயின் முன்சுவரை உரசினாற்போல் இடமிருந்து வலமாக அது குறுக்கே ஏறுகிறது. டிரக்கி துளை வழக்கமாக 2-வது வளையத்துக்கும் 4-வது வளையத்துக்கும் நடுவில் போடப்படும். தமனி கடப்பது பெரும்பாலும் 9-வது வளையத்தை ஒட்டி. ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே அது மேலே ஏறியிருக்கும். குழந்தைகளுக்கும், முதுகெலும்பு வளைந்தவர்களுக்கும், கழுத்தை எப்போதும் பின்னுக்கு வளைத்துக் கிடப்பவர்களுக்கும் துளைக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

இப்போது டியூபை நினைத்துப் பாருங்கள். அதன் கஃப், நுனி, துளைக்குக் கீழே வளையும் பகுதி என்ற மூன்று இடங்களும் மூச்சுக்குழாயின் சுவரை அழுத்தக்கூடியவை. உட்சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம்தான். அதற்கு மேல் அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. சவ்வு புண்ணாகும். பிறகு குருத்தெலும்பு மெலியும். அதற்கு அந்தப் பக்கம் துடித்துக்கொண்டிருப்பது அந்தத் தமனி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால், இதயத்தில் இருந்து வரும் ரத்தம் நேராக நுரையீரலுக்குள் பாய்கிறது. நோயாளி ரத்தம் இழப்பதற்கு முன்னாலேயே மூச்சுத் திணறிப் போய்விடுவதும் உண்டு.

இதை முதலில் எழுதி வைத்தவர் கோர்ட்டே என்ற ஜெர்மன் மருத்துவர், 1879-இல். தொண்டை அடைப்பான் நோய்க்காகத் துளையிடப்பட்ட 5 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றியது அந்தக் குறிப்பு. அதன்பின் வெகுகாலம் இது அபூர்வமாகவே பேசப்பட்டது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியார்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரின் யோசனைப்படி நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறைவைத்துக் கையால் பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய ஐசியூ பிறந்தது அங்கேதான். டியூபோடு வாரக்கணக்கில் உயிர் வாழ்பவர்கள் அதிகமானார்கள். கூடவே டியூபால் வரும் கேடுகளும் அதிகமாயின. கஃபின் அழுத்தம்தான் மூச்சுக்குழாயைக் கெடுக்கிறது என்பதை 1969-இல் கூப்பர், கிரில்லோ என்ற மருத்துவர்கள் அமெரிக்காவில் சோதனை செய்து காட்டினார்கள். இன்று நாம் கையாளும் மெல்லிய, பெரிய, குறைந்த அழுத்தக் கஃப் அதற்குப் பிறகு வந்ததுதான். நல்ல கஃப் வந்ததால் இந்த ரத்தப்போக்கு குறைந்தது. ஒழிந்துவிடவில்லை.

எவ்வளவு பேருக்கு வருகிறது என்றால், டிரக்கி போட்ட நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. மருத்துவ நூல்களில் அதிகம் காணப்படும் கணக்கு 0.7 சதவீதம். அப்படியானால் வருடத்துக்கு 150 பேருக்கு டிரக்கி போடும் பெரிய ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருவர். அந்த ஒருவர் உங்கள் டியூட்டியில், உங்கள் பெட்டில் இருக்கலாம். அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. செய்தாலும் பலரை இழக்கிறோம். நான்கில் மூன்று பங்குக்கு இது முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள் நடக்கிறது. அதிலும் 7-வது நாளில் இருந்து 14-வது நாள் வரை உச்சம். மாதங்கள், வருடங்கள் கழித்து வந்ததும் உண்டு.

சாலை விபத்து என்றாலே நம் மாநிலத்தில் 48 என்ற எண் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கானது. டிரக்கி ரத்தத்தில் நீங்கள் பயப்பட வேண்டியது 48 மணி நேரத்துக்குப் பிறகு வருவதற்கு. எண் ஒன்றே என்பதால் மனதில் நிற்கும் என்று சொல்கிறேன்.

இனி இந்த மடலின் உயிரான விஷயம். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெரிய ரத்தப்போக்கு வருவதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ முன்னால் ஒரு சிறிய ரத்தம் வருகிறது. பத்து, இருபது, ஐம்பது மி.லி. வரும். பளிச்சென்ற சிவப்பு. பிறகு நின்றுவிடும். ஓட்டையை உறைகட்டி அடைத்துக்கொள்வதால் நிற்கிறது. நோயாளியின் நாடித்துடிப்பு, பி.பி., ஆக்ஸிஜன் அளவு எதுவும் மாறியிருக்காது. பார்க்கிறவருக்கு ‘சரியாகிவிட்டது’ என்றுதான் தோன்றும். நோயாளியைக் காப்பாற்ற நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த நேரம்தான். சி.டி. எடுக்கலாம், அறுவை அரங்கைத் தயார் செய்யலாம், ரத்தம் ஏற்பாடு செய்யலாம், நெஞ்சு அறுவை மருத்துவரை வீட்டில் இருந்து வரவழைக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முதல் கண்ணி நீங்கள். அந்த ரத்தத்தைப் பார்க்கிறவர் பெரும்பாலும் டாக்டராக இருப்பதில்லை. சக்‌ஷன் போடுகிற கை உங்களுடையது.

ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. தலைக்காயத்தோடு வந்த இளைஞனுக்கு டிரக்கி போட்டு இரண்டாவது வாரம். மாலையில் சக்‌ஷன் போட்டபோது ரத்தம் வந்திருக்கிறது. சார்ட்டில் ‘ப்ளட் ஸ்டெய்ன்டு செக்ரீஷன்ஸ்’ என்று மூன்று சொல் எழுதியிருந்தார்கள். எவ்வளவு வந்தது, புது ரத்தமா பழைய ரத்தமா என்பதற்குக் குறிப்பில்லை. படுக்கை விரிப்பை மாற்றி, பாட்டிலைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டார்கள். சுத்தமாக வைப்பதுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஷிஃப்ட் மாறும்போது யாரும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. விடியற்காலையில் டியூப் வழியாகவும் வாய் வழியாகவும் ரத்தம் பீறிட்டது. டாக்டர்கள் ஓடி வந்தபோது அவர்களால் செய்ய முடிந்தது கொஞ்சமே. அந்த மாலை டியூட்டியில் இருந்த பெண்ணைப் பலரும் திட்டினார்கள். அவளுக்கு யாரும் இப்படி ஒன்று உண்டு என்று சொல்லிக்கொடுத்ததே இல்லை. அதற்காக யாரும் யாரையும் திட்டவில்லை.

இன்னொரு இடத்தில் இன்னொரு பெண். பணிக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள். சக்‌ஷனில் புது ரத்தம் வந்ததும் பாட்டிலைக் கொட்டவில்லை. ஒரு துண்டு பிளாஸ்டரைக் கிழித்து, ரத்தம் நின்ற மட்டத்துக்கு நேராகப் பாட்டிலில் ஒட்டி, அதன் மேல் பேனாவால் நேரத்தை எழுதினாள். நனைந்த காஸ் துணிகளை ஒரு கிட்னி ட்ரேயில் தனியாக எடுத்து வைத்தாள். டியூபின் இறக்கை மேல் விரலை லேசாக வைத்து, நாடியோடு சேர்ந்து துடிக்கிறதா என்று பார்த்தாள். துடிக்கவில்லை. அப்படியும் போன் செய்தாள். தூக்கக் கலக்கத்தில் வந்த டாக்டர் முதலில் சலித்துக்கொண்டார். பாட்டிலைப் பார்த்ததும் பேசவில்லை. ஈ.என்.டி.யைக் கூப்பிட்டார், சி.டி. ஆஞ்சியோவுக்கு அனுப்பினார். கடைசியில் தெரியவந்தது, கசிந்தது துளையின் உள்ளே வளர்ந்திருந்த சதை. தமனிக்கு ஒன்றுமில்லை. மறுநாள் சிலர் அவளிடம், ‘இதுக்குப் போயா இவ்வளவு கலாட்டா?’ என்றார்கள். அந்தக் கேள்வியை நான் இங்கே எழுத்தில் மறுக்கிறேன். அவள் செய்தது முழுக்கச் சரி. 48 மணி நேரத்துக்குப் பின் வரும் இந்த அளவு ரத்தம், வேறு என்று நிரூபிக்கப்படும் வரை தமனி ரத்தம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவத்தில் ஏற்றுக்கொண்ட விதி. பத்து முறை கூப்பிட்டு ஒன்பது முறை சதையாகவோ புண்ணாகவோ இருந்தால், அந்த ஒன்பது முறையும் விதிப்படி நடந்த வேலை.

அவள் விரல் வைத்துப் பார்த்தாளே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. டியூப் நாடியோடு சேர்ந்து ஆடினால் அது தமனியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ரத்தமே வராவிட்டாலும் அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆடாததை வைத்து ஆறுதல் அடையக்கூடாது. தமனி அரித்துப்போனவர்களில் மிகச் சிலரிடம்தான் அந்தத் துடிப்பு தெரிந்திருக்கிறது.

டாக்டரை எழுப்புவது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ‘இதைக்கூடப் பார்த்துக்கத் தெரியாதா சிஸ்டர்?’ என்ற ஒரு வாக்கியம் போதும், அடுத்த மூன்று மாதத்துக்கு யாரும் போனைத் தொடமாட்டார்கள். அதனால் என்ன பேசுவது என்பதை முன்கூட்டியே வாயில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சார், ஏழாம் பெட் பேஷண்ட்டுக்குக் கொஞ்சம் ப்ளீடிங் இருந்துச்சு, இப்ப ஓகே சார்’ என்று தயங்கிச் சொன்னால், ‘சரி, பார்த்துக்கோங்க’ என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘சார், ஏழாம் பெட், டிரக்கி போட்டு இன்னைக்கு பதினோராவது நாள். பத்து நிமிஷம் முன்னாடி சக்‌ஷன்ல புது ரத்தம், இருபது மி.லி. இப்ப நின்னுடுச்சு. வைட்டல்ஸ் ஸ்டேபிள். இன்னாமினேட் ப்ளீடா இருக்குமோன்னு சந்தேகம். நீங்க வந்து பார்க்கணும்.’ எத்தனையாவது நாள், எவ்வளவு ரத்தம், என்ன சந்தேகம், என்ன வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. தமனியின் பெயரைச் சொன்ன பிறகு படுக்கையில் புரண்டு படுக்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை. அவர் வராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவருக்கு போன் போடுங்கள். யாருக்கு, எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள்.

இதைப் படிக்கும் மருத்துவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரவில் உங்களை எழுப்பிய பிள்ளையிடம், அது ஒன்றுமில்லாத ரத்தமாகவே இருந்தாலும், ‘கூப்பிட்டது நல்லது’ என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த முறையும் அவள் கூப்பிடுவாள்.

பெரிய ரத்தப்போக்கு கண் முன்னே ஆரம்பித்தால் என்ன செய்வது? டியூபைப் பிடுங்காதீர்கள். பதற்றத்தில் கை அதைத்தான் தேடும். அந்த டியூப்தான் மூச்சுக்கு வழி, அதன் கஃப்தான் கையில் இருக்கும் ஒரே அடைப்பு. சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுங்கள். பைலட் பலூனில் சிரிஞ்சைச் செருகி, ரத்தம் அடங்கும் வரை கஃபில் மெதுவாகக் காற்றை ஏற்றுங்கள். வழக்கமான அழுத்தக் கணக்கு இந்த நேரத்துக்குப் பொருந்தாது. 50 மி.லி. வரைகூட ஏற்றலாம் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. பெரிதாகும் கஃப் தமனியை மார்பெலும்போடு அழுத்தும். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே ரத்தம் தற்காலிகமாகக் கட்டுப்படுகிறது. கட்டுப்பட்டதும் காற்றை இறக்கிப் பார்க்கும் ஆசை வரும். இறக்காதீர்கள். அது அறுவை அரங்கில் நடக்க வேண்டிய வேலை. இதற்கிடையே உள்ளே போன ரத்தத்தை உறிஞ்ச வேண்டும், இரண்டு பெரிய ஊசி போட வேண்டும், ரத்த வங்கிக்கு ஆள் அனுப்ப வேண்டும், ஓ.டி.க்கும் அனஸ்தீசியாவுக்கும் நெஞ்சு அறுவை மருத்துவருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும்.

கஃபால் நிற்காவிட்டால் டாக்டர்கள் வாய் வழியாக இ.டி. டியூபை ஓட்டைக்குக் கீழே வரை இறக்குவார்கள். டிரக்கி டியூபை எடுத்துவிட்டு, துளையின் கீழ்ப்பக்கம் வழியாக மூச்சுக்குழாய்க்கு முன்னால் ஆள்காட்டி விரலை இறக்கி, தமனியை மார்பெலும்பின் பின்பக்கத்தோடு சேர்த்து அழுத்துவார்கள். 1972-இல் அட்லி என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் எழுதிய முறை இது. அந்த விரல் அரங்கில் நெஞ்சைத் திறந்து தமனியைப் பிடிக்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் ஓடும்போது விரல் வைத்தவரும் கூடவே ஓடுவார், லிஃப்டில் ஏறுவார், சில சமயம் ஸ்ட்ரெச்சர் மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்து போவார். அவர் முகத்துக்குக் கண்ணாடி மாட்டிவிடுவதும், வழியை ஒதுக்குவதும், லிஃப்டைப் பிடித்து வைப்பதும் உங்கள் வேலை.

இரண்டு விதிவிலக்குகளை மறக்காதீர்கள். நம் வார்டுகளில் ஃபுல்லர்ஸ், ஜாக்சன் என்று உலோக டியூப் போட்டவர்கள் நிறையப் பேர். அவற்றுக்குக் கஃப் கிடையாது. ஊதுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் அவர்கள் தலைமாட்டில் கஃப் உள்ள டியூபும் இ.டி. டியூபும் பிரித்துவிடத் தயாராக இருக்க வேண்டும். மாற்றுவதை டாக்டர் செய்வார், ஆனால் தேடும் நேரத்தை நீங்கள் மிச்சப்படுத்தலாம். இன்னொன்று, புற்றுநோய்க்காகக் குரல்வளையையே முழுதாக எடுத்தவர்கள். அவர்களுக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. வாய் வழியாக டியூப் போட முயன்றால் நேரம்தான் வீணாகும். பிரிட்டனில் டிரக்கியாஸ்டமி பாதுகாப்புக்காக மெக்ராத் என்ற மருத்துவர் முதலியோர் முன்னெடுத்த தேசியத் திட்டத்தில், 2012 முதல் இதற்காகவே தலைமாட்டில் அட்டை மாட்டச் சொல்கிறார்கள். வாய்வழி இருப்பவருக்குப் பச்சை, இல்லாதவருக்குச் சிவப்பு. நாமும் ஒரு சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ரத்தம் வராமல் தடுப்பதில் நம் பங்கு பெரிது. முதலாவது கஃப் அழுத்தம். 20-இல் இருந்து 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும், ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பைலட் பலூனை விரலால் நசுக்கி ‘சரியாக இருக்கு’ என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர்கூட டயரில் காற்றை மீட்டர் வைத்துத்தான் பார்க்கிறார். பல இடங்களில் கஃப் மீட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் உடைந்துவிடும் என்று இன்சார்ஜ் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இரவில் சாவி இருக்காது. இன்சார்ஜ் அக்காமாரே, அதை வெளியே எடுத்து வையுங்கள். உடைந்தால் இன்னொன்று கேட்டு வாங்கலாம்.

அடுத்தது இழுவை. வென்டிலேட்டர் குழாயில் தண்ணீர் தேங்கிக் கனத்து, டியூபை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்துக்கொண்டே இருக்கும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது ஒருவர் உடம்பைத் திருப்ப, இன்னொருவர் குழாயை விட்டுவிடுகிறோம். கழுத்தில் இருந்து வெளியே தெரிவது இரண்டு விரல் அகலம்தான். அந்த முனை சாயும்போது உள்ளே நுனி மூச்சுக்குழாயின் சுவரில் போய்க் குத்துகிறது. குழாயைத் தாங்கும் கையை மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு துண்டைச் சுருட்டி நெஞ்சின் மேல் வைத்துத் தாங்கக் கொடுங்கள். தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். கழுத்தைப் பின்னால் அதிகமாகச் சாய்க்காதீர்கள். சக்‌ஷன் கத்தீட்டரை முட்டும் வரை திணிக்காதீர்கள். பெரியவர்களுக்கு 80-இல் இருந்து 120 மி.மீ. அழுத்தம், ஒரு முறைக்கு 10, 15 நொடிக்கு மேல் வேண்டாம். சக்‌ஷன் மென்மையாக இருந்தால் அதனால் வரும் ரத்தமும் குறையும். அப்போது வருகிற ரத்தத்துக்கு ‘சக்‌ஷன் ட்ராமா’ என்று சாக்குச் சொல்லவும் மனம் வராது. வென்டிலேட்டர் தேவைப்படாத நோயாளிக்குக் கஃப் ஏன் இன்னும் ஊதியே இருக்கிறது என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஸ்டீராய்டு போகிறவர், உடம்பு தேறாதவர், கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர், துளையில் சீழ் வைத்தவர் ஆகியோர் மேல் ஒரு கண் கூடுதலாக இருக்கட்டும்.

டிரக்கியோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். அப்படிச் சொல்வதில் நமக்குத் தயக்கம் இருக்கிறது, பயந்துவிடுவார்களே என்று. இன்னர் டியூபைக் கழுவவும் நாடா மாற்றவும் கற்றுக்கொண்ட ஓர் அம்மாவுக்கு இதையும் தாங்கிக்கொள்ளத் தெரியும். அவரைத் தனியாக உட்காரவைத்து, ‘சளியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம் அம்மா, மறுநாள் ஓ.பி.க்கு வாங்க. இரண்டு டீஸ்பூன் அளவுக்கு மேல் புது ரத்தம் வந்தால், அது நின்றுபோனாலும் வீட்டில் இருக்காதீங்க, உடனே 108-க்குக் கூப்பிடுங்க, டியூபை மட்டும் கழற்றாதீங்க’ என்று சொல்லுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு டீஸ்பூன் என்பது அதே 10 மி.லி.தான். வீட்டில் அளக்க அதுதான் வசதி.

கடைசியாக, பிழைத்து வந்தவரைப் பற்றி. தமனியைக் கட்டிவிட்டு அரங்கில் இருந்து ஐசியூவுக்குத் திரும்பும் நோயாளி உங்களிடம்தான் வருவார். பெரும்பாலும் அந்தத் தமனியை இரு பக்கமும் கட்டித் துண்டித்து விட்டுவிடுவார்கள். கிருமி உள்ள இடத்தில் செயற்கைக் குழாய் வைத்தால் மறுபடியும் அரித்துவிடும் என்பது காரணம். பெரும்பாலானவர்களுக்கு மூளைக்குப் போகும் ரத்தம் மற்றப் பாதைகளில் ஈடுகட்டப்படுகிறது. சிலருக்கு ஈடாவதில்லை. அதனால் இடது கை, இடது கால் அசைவை மணிக்கு ஒரு முறை பாருங்கள். கண்மணிகளைப் பாருங்கள். வலது கை சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பி.பி.யை இடது கையில் மட்டும் எடுங்கள். வலது கையில் எடுத்தால் குறைவாகக் காட்டும், யாராவது பதறிப்போய் மருந்தை ஏற்றிவிடுவார்கள். ‘வலது கையில் பி.பி. எடுக்கக் கூடாது’ என்று எழுதிப் படுக்கையின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு, காலையில் சார்ஜ் ஒப்படைக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரி ஒருத்தி